சென்னையில் வெளியே சாப்பிட: செலவையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

சென்னையில் எந்த ஹோட்டல் மலிவு, எந்த ஹோட்டலில் சீக்கிரம் சாப்பிட்டு எழலாம் என்று பேச்சு வந்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஒருவர் ஓர் இடத்தின் மீல்ஸ் விலையைச் சொல்வார். இன்னொருவர் வேறோர் இடத்தின் நெய் ரோஸ்ட் விலையைச் சொல்வார். மூன்றாமவர் ஞாயிற்றுக்கிழமை இரவு தி.நகரில் முக்கால் மணி நேரம் காத்து நின்றதைச் சொல்லி அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பார். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது, ஏனென்றால் சாப்பிட்ட பொருள் வேறு, போன நாள் வேறு, கூடப் போன ஆட்களின் எண்ணிக்கையும் வேறு. எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் இந்தக் கணக்கை எழுதி வருகிறோம். அதை எழுதி எழுதி எனக்குப் பிடிபட்ட முறையை, யார் வேண்டுமானாலும் தம் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

எல்லாக் கடைக்கும் ஒரே தராசு

முதலில் செய்ய வேண்டியது, எல்லா இடத்திலும் வாங்கக்கூடிய ஒரே வகைச் சாப்பாட்டை அளவுகோலாக வைத்துக்கொள்வது. காலை டிபனுக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு, இரண்டு இட்லி, ஒரு மெதுவடை, ஒரு காபி. தெருமுனைத் தள்ளுவண்டியிலிருந்து பெரிய சைவ ஹோட்டல் வரை இந்த மூன்றும் ஏதோ ஒரு வடிவில் கிடைத்துவிடும். தள்ளுவண்டியில் காபி இல்லையென்றால் பக்கத்து டீக்கடைக் காபியின் விலையைச் சேர்த்துக்கொள்ளலாம். மதியத்துக்கு ஒருவர் வயிறார உண்ணும் ஒரு மீல்ஸ். அசைவத்துக்கு ஒரு சிக்கன் பிரியாணி, இருவருக்குப் பொதுவாக ஒரு சிக்கன் 65. இப்படி மூன்று அளவுகோல்கள் போதும். புதிதாக ஓர் இடத்துக்குப் போனால் நாம் எதைச் சாப்பிட்டாலும், விலைப்பட்டியலில் இந்தப் பொருள்களின் விலையை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தால், அடுத்த முறை ஒப்பிடுவதற்கு அது உதவும்.

இந்தத் தராசின் அடிமட்டத்தில் இருப்பது அம்மா உணவகம். மாநகராட்சி 2013-ல் தொடங்கிய இந்த உணவகங்களில் ஒரு இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்ற விலைகள்தான் தொடக்கத்திலிருந்தே மக்கள் மனத்தில் பதிந்திருக்கின்றன. நான்கு இட்லியும் ஒரு பொங்கலும் வாங்கினாலும் பத்து ரூபாயைத் தாண்டாது. வடையும் காபியும் அங்கே இல்லையென்பதால் நம் அளவுகோல் அப்படியே பொருந்தாது. ஆனாலும் இந்த ஊரில் ஒரு வேளைப் பசியைக் குறைந்தபட்சம் எவ்வளவில் ஆற்றலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவு வேறு இல்லை. அரசு பொது மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டு நாள்கணக்கில் துணைக்கு இருப்பவர்கள் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். டோக்கன் வாங்கி, தட்டைப் பெற்று, உயரமான மேசையருகே நின்றபடியே சாப்பிட்டுக் கிளம்பிவிடலாம். கூட்டம் இல்லாவிட்டால் எல்லாமாக ஒரு கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேளை தவறினால் மட்டும் கிடைக்காது.

பட்டியல் விலை ஒன்று, கையைவிட்டுப் போகும் பணம் ஒன்று

அடுத்தது பணக் கணக்கு. பட்டியலில் அச்சிட்டிருக்கும் விலையை எழுதிக்கொண்டு ஒப்பிடுவது பெரும்பாலும் தவறான முடிவைத்தான் தரும், ஏனென்றால் பட்டியலுக்கும் பில்லுக்கும் இடையே உள்ள தூரம் கடைக்குக் கடை மாறுகிறது.

சரக்கு மற்றும் சேவை வரியை எடுத்துக்கொள்வோம். 2017 நவம்பர் 15 முதல், ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாதாரண ஹோட்டல்களில் உணவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. தான், அதற்கு முன் ஏ.சி. இல்லாத இடத்தில் 12 சதவீதமும் ஏ.சி. உள்ள இடத்தில் 18 சதவீதமும் இருந்தது. பில்லில் இது மத்திய அரசுக்கு இரண்டரை, மாநில அரசுக்கு இரண்டரை என்று இரண்டு வரிகளாக வரும். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் அறைகள் கொண்ட நட்சத்திர ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் இது 18 சதவீதம். தள்ளுவண்டி, ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயை எட்டாத சிறு மெஸ் போன்றவை வரி வசூலிப்பதே இல்லை. இடையில் இன்னொரு வகை உண்டு: தொகுப்பு வரித் திட்டத்தில் பதிவு செய்த சிறிய ஹோட்டல்கள். இவை தம் வரவிலிருந்து வரியைத் தாமே கட்ட வேண்டுமே தவிர, வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. அப்படி வசூலிக்கத் தமக்கு உரிமையில்லை என்பதை பில்லிலேயே அச்சிடவும் வேண்டும். பில்லின் அடியில் அந்த வாசகத்தையும் மேலே 5 சதவீத வரியையும் ஒன்றாகப் பார்த்தால் கல்லாவில் கேட்கத் தயங்காதீர்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் நடுத்தர சைவ ஹோட்டல் ஒன்றில் பட்டியல் விலைப்படி 800 ரூபாய்க்குச் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரி 40, சர்வருக்கு 30, வண்டி நிறுத்த 40 என்று சேர்த்தால் 910 ரூபாய். தலைக்கு 227 ரூபாய் 50 காசு. அதே நால்வர் நட்சத்திர ஹோட்டல் உணவகத்தில் 6,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரி மட்டுமே 1,080 ரூபாய் ஆகிறது. அதாவது முதல் இடத்தில் செலவான மொத்தத் தொகையைவிட அதிகம். பிறந்த நாளுக்கோ திருமண நாளுக்கோ அங்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போவதற்கு முன் 18 சதவீதத்தையும் சேர்த்து ஒரு தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், பில் வந்ததும் யாரும் முகம் வாட வேண்டியிருக்காது.

சேவைக் கட்டணம் என்ற பெயரில் சில பெரிய உணவகங்கள் தாமாகவே ஒரு சதவீதத்தை பில்லில் சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகை மீது வரியையும் போட்டுவிடுவது உண்டு. இப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எனவே அதை நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். சர்வருக்கு நாமாகக் கொடுக்கும் டிப்ஸ் வேறு. அதை நான் செலவில் எழுதாமல் விட்டதில்லை, கொடுக்காமலும் வந்ததில்லை.

தண்ணீர் பாட்டிலையும் மறந்துவிடக் கூடாது. ஹோட்டலுக்குள் உட்கார வைத்துப் பரிமாறும்போது அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்திருப்பதால், பெரிய உணவகங்களின் பில்லில் தண்ணீர் மட்டுமே எதிர்பாராத தொகையாக நிற்கும். உட்கார்ந்தவுடன் சர்வர், “பாட்டில் தண்ணியா, சாதா தண்ணியா?” என்று கேட்பார். அங்கே சொல்லும் பதிலில், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு டிபன் விலை மிச்சமாகலாம்.

ஒரே ஹோட்டலுக்குள்ளேயே இரண்டு விலைகள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். வரி இப்போது இரண்டுக்கும் ஒன்றுதான் என்றாலும், கீழ்த்தளத்துச் சாதா ஹாலுக்கும் மேல் மாடி ஏ.சி. ஹாலுக்கும் பல இடங்களில் தனித்தனிப் பட்டியல் உண்டு. அதனால் நோட்டில் ஹோட்டல் பெயரோடு எந்த ஹால் என்பதையும் எழுதாவிட்டால் அந்தக் குறிப்பு பின்னால் குழப்பத்தையே தரும். நின்றுகொண்டு சாப்பிடும் செல்ஃப் சர்வீஸ் பகுதி இருந்தால் அது மூன்றாவது கணக்கு.

போய்வரும் செலவை எப்போது சேர்ப்பது என்பதற்கு ஓர் எளிய விதி வைத்திருக்கிறோம். சாப்பிடுவதற்கென்றே கிளம்பினால் ஆட்டோ, பெட்ரோல், பார்க்கிங் எல்லாமே சாப்பாட்டுக் கணக்கில் வரும். துணியெடுக்க மாம்பலத்தில் இறங்கியவர்கள் அங்கேயே சாப்பிட்டால் ரயில் கட்டணம் துணிக் கணக்கில் போகும்.

நேரத்தை எங்கிருந்து எண்ணுவது

பணத்தைவிட நேரத்தை ஒப்பிடுவதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். “இருபது நிமிஷத்துல சாப்பிட்டு வந்துட்டேன்” என்று சொல்பவர், இலையில் உட்கார்ந்து எழுந்த நேரத்தை மட்டுமே சொல்கிறார். வாசலில் நின்றதும், பில்லுக்காகச் சர்வரைத் தேடியதும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

இதில் எனக்கு ஒரு வேதனையான அனுபவம் உண்டு. என் தாயார் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஹோட்டல் பத்து நிமிட தூரம்தான், போனவுடன் சாப்பிட்டுவிடலாம் என்பது எங்கள் எண்ணம். வாசலில் பெயரைப் பதிந்துகொண்டவர் பத்து நிமிடம் என்றார். நாங்கள் ஏழு பேர், அதனால் மூன்று மேசைகள் அடுத்தடுத்துக் காலியாக வேண்டியிருந்தது. நாற்பது நிமிடம் கழித்து இடம் கிடைத்து உட்கார்ந்தபோது, ஊசி போட்டும் சாப்பிடாததால் சர்க்கரை அளவு இறங்கி அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது, நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. என் தம்பி எதிர்ப்புறம் இருந்த டீக்கடைக்கு ஓடிப் போய்ச் சர்க்கரை அதிகமாகப் போட்ட ஒரு டீயை வாங்கி வந்து கொடுத்த பிறகுதான் அவர் நிதானத்துக்கு வந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் எழுதத் தொடங்கியதுதான் இந்த நோட்டு.

ஆகவே நேரத்தை வாசலிலிருந்து வாசல் வரை எண்ணுங்கள். அதை ஐந்து துண்டுகளாகப் பிரிக்கலாம்: வாசலில் நின்றது, உட்கார்ந்து ஆர்டர் சொல்லும் வரை ஆனது, முதல் தட்டு வரும் வரை ஆனது, சாப்பிட்டது, கை கழுவியதிலிருந்து பணம் கட்டி வெளியே வந்தது. எல்லாவற்றையும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியதில்லை. உட்கார்ந்த நேரத்தையும் முதல் தட்டு வந்த நேரத்தையும் மட்டும் கவனித்தால் போதும். பில் போட்ட நேரம் பில்லிலேயே அச்சாகியிருக்கும், பணம் கட்டிய நேரத்தைக் கூகுள் பே போன்ற செயலி தானாகவே பதிந்து வைத்திருக்கும்.

இப்படிப் பிரித்து எழுதினால் ஒவ்வொரு வகைக் கடையும் நேரத்தை எந்த இடத்தில் விழுங்குகிறது என்பது புலப்படும். கையேந்தி பவனில் ஐந்தில் மூன்று துண்டுகள் இருக்காது. தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கும் நேரமும் சாப்பிடும் நேரமும்தான். பந்தி முறையில் நடக்கும் மெஸ்களில் பெரும்பகுதி நேரம் வாசலிலேயே போய்விடும். உள்ளே போனால் எல்லாம் கண் இமைப்பதற்குள் நடக்கும். திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ஸில் மதிய வேளையில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்பவர்களைப் பார்த்தாலே இது விளங்கும். மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸைப் போன்ற மிகச் சிறிய இடங்களிலும் இதே கதைதான். பெரிய சைவ ஹோட்டல்களில் வார நாளில் வாசல் நேரம் மிகக் குறைவு. ஆனால், பில் வருவதற்கும் மீதிச் சில்லறை வருவதற்கும் ஐந்து முதல் பத்து நிமிடம் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். குடும்ப உணவகங்களில் ஆர்டர் சொன்னதற்கும் முதல் தட்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் நீளம்.

வாசல் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட ஒரு வழி இருக்கிறது. எத்தனை இருக்கைகள் உள்ளன, ஒருவர் உட்கார்ந்து எழச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை பேர் எழுவார்கள் என்பது கிடைக்கும். 60 இருக்கைகள், ஒருவருக்கு 20 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு மூன்று பேர் எழுகிறார்கள். உங்களுக்கு முன் 45 பேர் நின்றாலும் பதினைந்து நிமிடத்தில் இடம் கிடைத்துவிடும். 40 இருக்கைகள், ஆளுக்கு 50 நிமிடம் என்று நிதானமாகச் சாப்பிடும் குடும்ப உணவகத்தில் ஐந்து நிமிடத்துக்கு நான்கு பேர்தான் எழுவார்கள். முன்னால் 20 பேர் மட்டுமே நின்றாலும் 25 நிமிடம் ஆகும். கூட்டத்தின் நீளத்தைப் பார்த்து முதல் இடத்தை விட்டுவிட்டு இரண்டாவது இடத்துக்குப் போகிறவர்கள் இதனால்தான் நொந்துபோகிறார்கள். பந்தி முறையில் கணக்கு இன்னும் எளிது. பந்திக்கு 20 பேர் என்றால் 30-ஆம் டோக்கன்காரர் இரண்டாவது பந்தி. உள்ளே இருப்பவர்கள் எழுந்த பிறகு ஒரு முழுப் பந்தி முடிய வேண்டும்.

ஆனால், இந்தக் கணக்கு ஒருவருக்கும் இருவருக்கும்தான் சரியாக வரும். ஆறேழு பேராகப் போனால் சேர்ந்தாற்போல் மேசைகள் காலியாக வேண்டும்; அப்போது கிடைக்கும் விடையை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மூன்று பேர், நான்கு பேர் என்று பிரிந்து உட்காரச் சம்மதித்தால் பாதி நேரம் மிச்சம். அன்று நாங்கள் அதைச் செய்திருக்கலாம்.

சமையலறையின் வேகம்

முதல் தட்டு எப்போது வரும் என்பது சர்வரின் கையில் இல்லை. நாம் கேட்கும் பண்டத்தின் தன்மையில் இருக்கிறது. இட்லி, பொங்கல், உப்புமா எல்லாம் ஏற்கெனவே வெந்து தயாராக இருப்பவை. சொன்ன மாத்திரத்தில் வந்துவிடும். ஓர் ஈடு இட்லி தீர்ந்து அடுத்த ஈடு வெந்துகொண்டிருக்கும் சமயமாக அமைந்தால் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். வடை ஒரு தடவைக்கு ஒரு சட்டி என்று பொரிந்து வருவதால், காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் சுடச்சுடவே கிடைக்கும். தோசைக்கல்லில் ஒரே சமயத்தில் ஆறு, எட்டு என்றுதான் ஊற்ற முடியும். அதிலும் ரவா தோசையை எல்லாத் தோசையும்போல் திருப்பிப் போட்டு எடுத்துவிட முடியாது. மெல்லிய தீயில் ஓரம் வரை முறுகவிட வேண்டும். ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு ஆளுக்கொரு ரவா தோசை சொல்லும் குடும்பம், அதற்கான நேரத்தையும் சேர்த்தே ஆர்டர் செய்கிறது.

பிரியாணிக் கடைகளின் வேகத்துக்கும் காரணம் இதுதான். பதினொன்றரை, பன்னிரண்டு மணிவாக்கில் தேக்சாவின் தம்மை உடைத்துவிட்டால் அதன்பின் அள்ளிப் போடுவது மட்டுமே வேலை. வெறும் பிரியாணி சொன்னவர் இரண்டு நிமிடத்தில் சாப்பிடத் தொடங்கிவிடுவார். கூடவே சிக்கன் 65 சொன்னவர், அது எண்ணெயில் விழுந்து பொரிந்து வரும் வரை, பிரியாணி ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் பொரித்த அயிட்டத்தை முதலில் சொல்லிவிட்டு, அது வரும்போது பிரியாணியைக் கேட்பது நல்லது. விலையை ஒப்பிடும்போது, தட்டின் அளவும் கறித்துண்டுகளின் எண்ணிக்கையும் கடைக்குக் கடை மாறும் என்பதால், ஒரு பிரியாணி ஒருவருக்குப் போதுமா, இருவருக்குப் போதுமா என்பதையும் விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நான்கைந்து பேருக்குப் பக்கெட் பிரியாணி வாங்கினால் தலைக்கு எவ்வளவு வருகிறது என்பதையும் ஒருமுறை வகுத்துப் பார்க்கலாம்.

வட இந்திய, சைனீஸ் உணவுகள் பரிமாறும் குடும்ப உணவகங்களில் ஒவ்வொரு கிரேவியும் தனித்தனி வாணலியில் தயாராக வேண்டும், நான் ரொட்டி தந்தூரி அடுப்பிலிருந்து வர வேண்டும். ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னால் கடைசிப் பண்டம் வரும் நேரம்தான் மேசையின் நேரம். இரண்டு கிரேவி, ஒரு ஃப்ரைட் ரைஸ் என்று பொதுவாகச் சொல்லிப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும், நேரமும் குறையும். நான் நேரில் எழுதிப் பார்த்தவற்றுள் ஒரே மாற்றத்தால் நோட்டில் செலவு, நேரம் என்ற இரண்டு பத்திகளும் சேர்ந்து இறங்கியது இந்த ஒன்றில்தான்.

அன்லிமிடெட் மீல்ஸ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இலை போட்டு, கூட்டு, பொரியல், அப்பளம் வைத்து, சாதத்துக்குப் பருப்பு நெய், பிறகு சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாக வரும்போது, அந்த வரிசையே நம் நேரத்தைத் தீர்மானிக்கிறது. வாளிக்காரர் சுற்றி வரும் வேகத்துக்கு நாம் சாப்பிட்டால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மோருக்கு வந்துவிடலாம்; அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டால் ரசத்துக்காகக் கையை மடக்கி உட்கார்ந்திருக்க வேண்டும். செலவைப் பொறுத்தவரை, இரண்டாம் முறை சாதம் வாங்காதவருக்கு அன்லிமிடெட் மீல்ஸ் ஒருபோதும் கட்டுப்படியாவதில்லை. வயதானவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் லிமிடெட் மீல்ஸோ மினி மீல்ஸோ போதும். ஒரே இலையை இருவர் பகிர்ந்துகொள்ளவும் விடமாட்டார்கள். அதே சமயம், காலையிலிருந்து மூட்டை தூக்கிய ஒருவருக்கு, எவ்வளவு சாதம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் போடும் ஒரு மெஸ்ஸைவிட மலிவான இடம், அம்மா உணவகத்தை விட்டால், இந்த நகரத்தில் வேறு இருக்க முடியாது. மீல்ஸ் பெரும்பாலான இடங்களில் மூன்று, மூன்றரை மணிக்கு முடிந்துவிடும் என்பதால், தாமதமாகப் போகிறவர்கள் முதலில் கல்லாவில் கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

பஃபே வகை இடங்களில் தலைக்கு இவ்வளவு என்பது முன்பே தெரிந்துவிடுவதால் ஒப்பிடுவது சுலபம். வார நாள் மதிய விலையும் வார இறுதி இரவு விலையும் வேறு வேறாக இருக்கும். குழந்தைகளுக்கான விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வரி சேர்ந்ததா, சேராததா என்பதையும் கேளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக அங்கே போய்வருவதில் பயனில்லை.

செயலி வழியாக வீட்டுக்கு வரவழைப்பதையும் ஒரு வகை உணவகமாகவே நோட்டில் எழுதுங்கள். அதே இரண்டு இட்லி, ஒரு வடைக்குச் செயலியில் என்ன விலை, கடையில் என்ன விலை என்று ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல கடைகளில் செயலி விலை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதன்மேல் பேக்கிங், டெலிவரி, செயலிக் கட்டணம் என்று ஏறும். தள்ளுபடிக் கூப்பன் போக மிஞ்சும் உணவு விலையை மட்டும் எழுதாமல், இந்தக் கட்டணங்களும் சேர்ந்து உண்மையில் கணக்கிலிருந்து கழிந்த தொகையையே எழுத வேண்டும். தோசையும் வடையும் வழியிலேயே தளர்ந்துவிடும். இட்லியும் பிரியாணியும் தாங்கும்.

எந்த நாளில் எழுதிய கணக்கு

ஒரே ஹோட்டலுக்கு ஒரே மாதத்தில் இருமுறை போய் இரண்டு வெவ்வேறு நேரங்களைக் கண்டால் அதற்கு நாள்தான் காரணமாக இருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அசைவ ஹோட்டல்களில் வாசல் நேரம் என்பதே இருக்காது. சைவ ஹோட்டல்களில் நிற்க இடம் இருக்காது. முகூர்த்த நாளில் மண்டபங்கள் உள்ள தெருக்களில் டிபன் கடைகள் காலியாகக் கிடக்கும். ஆடித் தள்ளுபடிக் காலத்திலும் தீபாவளிக்கு முந்தைய இரு வாரங்களிலும் தி.நகரில் எழுதிய நேரத்தை வேறெந்த மாதத்துக்கும் பொருத்த முடியாது. மார்கழியில் சபா கேன்டீன்களில் கச்சேரி முடியும் நேரத்தில் போனால் ஒரு கணக்கு, கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது போனால் வேறொரு கணக்கு. அதனால் நோட்டில் தேதியோடு கிழமையையும், விசேஷ நாளானால் அதையும் எழுதிவிடுங்கள். ஓர் இடத்துக்குச் சாதாரண நாளில் மூன்று தடவை எழுதிவிட்டால் அதன் இயல்பு பிடிபட்டுவிடும். விலைக்குப் பக்கத்தில் மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விலையை நான் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டு பத்திகளையும் வைத்து முடிவெடுத்தல்

பணத்தையும் நேரத்தையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. நான் அதைச் செய்வதில்லை. ஆட்டோ ஓட்டுபவருக்கு மதியம் அரை மணி நேரம் என்பது ஒரு சவாரி; அவருக்கு நேரத்தைப் பணமாக மாற்றுவது நியாயம். ஓய்வு பெற்ற இருவர் திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லியை சாம்பாரில் மூழ்கவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால், அந்த நேரம் செலவே இல்லை. அதனால் இரண்டு பத்திகளையும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டு, இன்றைக்கு எந்தப் பத்தி நெருக்குகிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேர மதிய இடைவேளை உள்ள அலுவலகத்துக்காரர், போய்வர ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் நிமிடங்களை எழுதி, அதற்குள் வாசல் முதல் வாசல் வரை முடியும் இடங்களை மட்டும் விலை வரிசைப்படி அடுக்க வேண்டும். பன்னிரண்டே காலுக்குப் போக முடிந்தால் மெஸ்ஸும் அந்தப் பட்டியலில் வரும். ஒரு மணிக்குத்தான் கிளம்ப முடியும் என்றால் வராது. பணம் நெருக்கும் மாதக் கடைசியில் இதையே தலைகீழாகச் செய்யலாம்: தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பை வைத்து, அதற்குள் வரும் இடங்களை நேர வரிசைப்படி பார்க்கலாம்.

வீட்டில் நோயாளியோ முதியவரோ இருந்தால் சராசரி நேரத்தைப் பார்க்காதீர்கள். அந்த இடத்தில் உங்களுக்கு ஆன அதிகபட்ச நேரத்தைப் பாருங்கள். நாங்கள் இப்போது அம்மாவோடு போகும்போது, ஏழரைக்குக் கூட்டம் சேரும் இடத்துக்கு ஆறே முக்காலுக்கே போய்விடுகிறோம். பைக்குள் பிஸ்கட் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கும். ஊசியை எப்போது போட்டுக்கொள்வது என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டோம். உட்கார்ந்ததும் மற்றவர்கள் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் இரண்டு இட்லியை முதலில் சொல்லிவிடுகிறோம். அந்தத் தட்டு மேசைக்கு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் பையிலிருந்து ஊசியை எடுக்கிறார்.